மரியாதையாகப் பேசிய போலீஸ்

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் பனியனைத் தவிர வேறு எதையும் உடம்பில் ஏற்றாத மனிதர். ஓய்வு பெற்ற மறுநாளே, இனி எவன் வீட்டு விசேஷமானாலும் சட்டை போடச் சொல்லி அழைக்காதே என்று சொன்னவர். அவர் இஸ்திரி போட்ட சட்டையில், பையில் பேனாவோடு, சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தால் பெற்ற பெண் என்ன நினைக்க வேண்டும்? அவள் ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்கத் தெம்பில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் முகம் கழுவினாள்.

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்கு மூன்றாம் ஜன்னல். புகார் ஜன்னல் என்று பெயர். தண்ணீர் வராதவர்கள், வந்தாலும் கலங்கலாக வருகிறவர்கள், தண்ணீரே வராமல் பில் மட்டும் தவறாமல் வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். குழாயும் அவள் கையில் இல்லை, பில்லும் அவள் கையில் இல்லை. இருந்தது ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு குரலும்தான். அந்தக் குரலோடு அவள் பிறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்தவர்களிடம் நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசியவள்தான். அப்படிப் பேசிய நாட்களில் வரிசை வாசலைத் தாண்டிப் போனது, சூப்பிரண்டு திட்டினார், வரிசையில் நின்றவர்களும் திட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் மாறியது. ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது, வாங்க போங்க கிடையவே கிடையாது. "அடுத்தது", "அதெல்லாம் இங்க இல்ல", "தள்ளி நில்லு". இதைச் சொன்னால் வரிசை நகர்ந்துவிடும். சாயங்காலம் ஜன்னலைச் சாத்தும்போது தொண்டையில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

அதனால் வீட்டில் பேசுகிற வேலை அப்பாவுடையது. அவர் நிலப்பதிவு அலுவலகத்தில் ஹெட்கிளார்க்காக இருந்தவர். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி வேறு ஊரில் பெரிய கம்பெனியில். இவளுக்கு ஒரு கல்யாணம் நடந்து, அது ஒத்துவராமல், பெட்டியோடு திரும்பி வந்து வெகுகாலம் ஆகிறது. ஆக அந்த வாடகை மாடிவீட்டில் அப்பாவும் பெண்ணும் மட்டும். அவள் வந்து உட்கார்ந்ததும் அவர் ஆரம்பிப்பார். டீயில் சர்க்கரை கம்மி, பேப்பர்காரன் லேட், மின்விசிறி கடகடவென்கிறது, நீ துணி காயப்போட்ட லட்சணம் இதுதானா. அவள் "ம்" கொட்டிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள்.

சட்டை போட்ட அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் தட்டில் உப்பில்லாததை வைத்தபோதுகூட வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். மறைப்பானேன், அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. அப்பாடா, ஒருவழியாக வயசுக்கேற்ற பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்தாள். இதைப் பிறகு நினைத்து நினைத்துத் தன்னையே வைதுகொண்டாள், அது வேறு விஷயம்.

விஷயத்தை உடைத்தது கீழ்வீட்டுத் தையல்காரம்மா. ஊர்வம்புக்கு அலைகிறவள் இல்லை. தையல் மெஷின் சத்தத்தில் அவளுக்குப் பாதி உலகம் காதில் விழாது. அவளுக்கே கேட்டிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளலாம். இவள் மாடிப்படி ஏறப் போனபோது தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா, உங்கப்பா மறுபடி எங்கயாவது வேலைக்குச் சேர்ந்திருக்காரா?"

"இல்லையே. ஏன்?"

"பகல் முழுக்க மேல 'எஸ் சார், எஸ் சார்'னு ஒரே சத்தமா இருக்கு. இன்னிக்கு பேங்குக்கு வேற போயிட்டு வந்தாரு. மேனேஜர் மீட்டிங்ல இருக்காராம், நாளைக்கு வரச் சொன்னாங்களாம். மூஞ்சி வேர்த்துக் கொட்டுது, ஒரு வாய் தண்ணி குடிங்கன்னேன். குடிக்க நேரமில்ல, மேல ரிப்போர்ட் பண்ணணும்னு ஓடிட்டாரு."

மகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இந்தச் சட்டை, இந்தப் பேனா, சாத்திய கதவு, இந்த மௌனம் எல்லாம் அப்போதுதான் ஒன்றாகக் கோத்துக்கொண்டு வந்தது.

அவளுக்குத் தெரியாத விஷயமா? தம்பி வாரத்துக்கு ஒரு வீடியோ அனுப்புகிறவன். போலீஸ் என்றும் வரித்துறை என்றும் நீதிமன்றம் என்றும் சொல்லிக்கொண்டு போனில் வருவார்கள், வயதானவர்களாகப் பார்த்து மிரட்டுவார்கள், போனிலேயே கைது என்பார்கள், பணத்தை இங்கே மாற்று அங்கே மாற்று என்பார்கள். அனுப்புவதோடு அவன் கடமை முடிந்தது. கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் அப்பாவுக்குச் சொன்னது இவள்தான். எவனாவது மிரட்டினால் உடனே போனை வைத்துவிடுங்கள், எந்த அதிகாரியும் போனில் கைது பண்ண மாட்டான் என்று. அப்பா சிரித்தார். ஆயுசு முழுக்க அரசாங்கத்துக்குள்ளேயே கிடந்தவனுக்கு எது அரசாங்கம் எது இல்லை என்று நீ பாடம் எடுக்கிறாயா என்றார். நியாயமாகத்தான் பட்டது.

மேலே போனாள். அப்பா மேஜைக்கு முன்னால் இருந்தார். தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த போனில் ஒரு மேஜையும், அதற்குப் பின்னால் ஒரு சின்னமும், சின்னத்துக்குக் கீழே தொப்பி போட்ட ஓர் ஆளும் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் அப்பா சட்டென்று போனைக் கவிழ்த்தார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

அன்று அவரிடமிருந்து விஷயத்தைக் கறப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சொல்லக்கூடாது, ரகசியம், சொன்னால் அதுவே தனிக் குற்றம் என்றார். அவள் கெஞ்சினாள், மேஜையில் தலையை வைத்து அழுதாள். கடைசியில் சொன்னார். போலிப் பத்திர வழக்கு ஒன்று பெரிய அளவில் பிடிபட்டிருக்கிறதாம். அதில் ஒரு பத்திரத்தில் அவர் கையெழுத்து இருக்கிறதாம். டெபுடி கமிஷனர் ஒருவர்தான் விசாரணை. முடிகிறவரை அப்பா வீட்டுக்காவலில். வீட்டில் இருந்தாலும் அலுவலகத்தில் இருக்கிற மாதிரி உடையோடு, கேமரா முன்னால். நாளைக்குள் டெபாசிட்டை உடைத்து அரசாங்கக் கணக்குக்கு மாற்ற வேண்டும். சோதித்துப் பார்த்துவிட்டு, கறையில்லாத பணம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த டெபாசிட் ஓய்வுபெற்றபோது வந்தது. மாடிவீட்டு வாடகையும் அவருடைய மாத்திரையும் அதன் வட்டியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சம்பளத்தில் அந்த வீட்டில் அடுப்பெரியும், அவ்வளவுதான். அது போனால் வீடு போகும்.

"எந்தக் கையெழுத்துன்னு காட்டினானா?" என்று கேட்டாள்.

"எப்படிம்மா காட்டுவாங்க? சாட்சி ஆவணம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "லட்சக்கணக்குல கையெழுத்து போட்டிருக்கேன். நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமிருக்காது. பியூன் பக்கத்தைப் புரட்டுவான், நான் போட்டுக்கிட்டே இருப்பேன். அதுல ஒண்ணு தப்பா இருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண முடியுமா?"

இந்த மனிதருக்குள் இப்படி ஒரு பயம் இத்தனை காலமாக உட்கார்ந்திருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது. எவனோ ஒரு களவாணிக்கு மட்டும் சரியாகத் தெரிந்திருக்கிறது.

மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். அப்பா, நான் அன்றைக்கே சொன்னேன் இல்லையா, மிரட்டுகிறவன் எல்லாம் போலி என்று. அப்பா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அவர் தரப்பு வாதம் இப்படிப் போனது. ஏமாற்றுகிறவன் நைச்சியமாகப் பேசுவான். இந்தச் சீட்டுக் கம்பெனிக்காரன், இன்ஷூரன்ஸ்காரன் எல்லாம் ஐயா சார் என்று தேன் ஒழுகத்தான் வந்தான்கள். இந்த டெபுடி ஐயா எடுத்த எடுப்பிலேயே யோவ் என்றார். முதல் நாள் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் பகல் முழுக்கக் காத்திருக்க வைத்தார். நடுவில் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தப் பிரிவில் ஃபைல் இங்கே இல்லை என்று திரும்ப முதல் ஆளிடமே தள்ளினார்கள்.

"இதெல்லாம் அசல் ஆபீஸ்ல மட்டும்தாம்மா நடக்கும்," என்றார். "போலிக்காரனுக்கு இவ்வளவு பொறுமை ஏது?"

மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்து அன்று காலையில்தான் அவள் ஒரு கிழவியை நாலாம் ஜன்னலுக்கு அனுப்பியிருந்தாள், நாலாம் ஜன்னல் திரும்ப இவளிடமே அனுப்பி வைத்திருந்தது. எந்த வாயை வைத்துக்கொண்டு மறுப்பாள்?

போனைப் பிடுங்கப் பார்த்தாள். அவர் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் இழுக்க அவளுக்குத் துணிவில்லை. ரத்தக் கொதிப்புக்காரர். எடுத்தாயானால் நேரே ஸ்டேஷனுக்குப் போய்ச் சரணடைந்துவிடுவேன் என்றார். அப்புறம் தணிந்து, அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"உன்னோடதும் அரசாங்க வேலை. என் பேர் கெட்டா உன் வேலைக்கும் உலை வச்சிடுவாங்களாம். அதான் உன்கிட்ட சொல்லல. நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ. பணம் போனாப் போகுது, உன்னைத் தொடாம இருக்கட்டும்."

அவள் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தம்பிக்குப் போன் பண்ணினாள். நான்தான் வீடியோ அனுப்பினேனே என்றான் அவன். அதற்குமேல் அவனிடம் சரக்கில்லை. பிறகு போலீஸின் உதவி எண்ணுக்குப் பேசினாள். அதில் பேசிய பெண், காலையில் ஓர் அதிகாரியை அனுப்புகிறோம், அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள் என்று சொன்னாள். வங்கிக்கும் சொல்லி வைக்கிறோம், ஆனால் கணக்கு அவருடையது, அவர் புத்தி தெளிவோடு வந்து நின்று கேட்டால் தாமதப்படுத்தலாமே தவிர மறுக்க முடியாது என்றும் சொன்னாள்.

காலையில் வந்தது ஒரு சப்-இன்ஸ்பெக்டரம்மா. சின்ன வயசு. சீருடையில்தான் வந்தாள். வாசலில் நின்று ஷூவைக் கழற்றினாள். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தாள். வணக்கம் ஐயா, நீங்க எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்க என்றாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உங்களுக்கு இந்த வாரம் ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை என்றாள். வயதானவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தனியாகப் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல. ஒரு வார்த்தை உரக்க வரவில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க இவளுக்கு உயிர் வந்தது. இனிமேல் கவலையில்லை, பெற்ற மகள் சொல்லிக் கேட்காதவர் போலீஸ் சொன்னால் கேட்பார் என்று டீ போடப் போனாள்.

அப்பா பின்னாலேயே சமையலறைக்குள் வந்தார்.

"யாரும்மா இவ?"

"பார்த்தா தெரியலையா? போலீஸுப்பா."

"இது போலீஸா?" அப்பா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "போலீஸ் செருப்பைக் கழட்டிட்டு வருமா? அடையாள அட்டை இருக்கான்னு கேட்டேன், கேட்ட வாயை மூடறதுக்குள்ள எடுத்துக் காட்டறா. எந்த அதிகாரி கேட்டவுடனே காட்டுவான்? நீ யாருடா என்னைக் கேக்கன்னு எகிற மாட்டான்? அதுக்கு மேல, உங்க தப்பு எதுவும் இல்லைங்கறா. விசாரிக்காமலே எப்படித் தெரியும் இவளுக்கு? டூப்ளிகேட்டும்மா. சரியான டூப்ளிகேட். டெபுடி ஐயா நேத்தே சொன்னாரு, இப்படி ஆள் வரும்னு."

அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சத்தம் போடாமல், கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிப் பார்த்தாள். அப்பா சரி சரி என்று தலையாட்டினார். ஹாலுக்குப் போய் அந்தப் பெண்ணிடமும் அதே மாதிரி தலையாட்டினார். அவள் கொண்டுவந்த படங்களை எல்லாம் பார்த்தார். இதே ஆள்தான் போன மாதம் வேறொரு பெரியவரை ஏமாற்றினான் என்று அவள் காட்டியதற்கும் அப்படியா என்றார். மாத்திரை போட்டுவிட்டு வருகிறேன் என்று அறைக்குள் போனார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. தலையை வாரி, கையில் பழைய தோல்பையோடு வந்தார். பைக்குள் டெபாசிட் பத்திரம். உள்ளே போய் எல்லாவற்றையும் போனில் அவனிடம் ஒப்பித்திருக்கிறார். அவன் சொல்லிக் கொடுத்ததும் முகத்திலேயே தெரிந்தது. மகளை அவர் பார்க்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்த திருடனைத் தாண்டிப் போகிறவர் மாதிரி, சுவரோரமாகவே நடந்து வாசலுக்குப் போனார்.

"ஐயா, ப்ளீஸ், ஒரு நிமிஷம்," என்று அந்தப் போலீஸ்காரப் பெண் எழுந்தாள்.

அவர் காதிலேயே வாங்கவில்லை. ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டார். சப்-இன்ஸ்பெக்டரம்மாவால் அவரைக் கையைப் பிடித்து இழுக்க முடியாது. இழுத்தால் படியில் விழுவார். வங்கி பக்கத்துத் தெரு. அங்கே மறுத்தால் வேறு வழி சொல்லிக் கொடுக்க அந்தப் பக்கம் ஆள் தயாராக இருக்கிறது. மகளுக்கு இது அத்தனையும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தூங்காத கண்ணில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கெஞ்சியாயிற்று, அழுதாயிற்று. இனி என்ன செய்ய என்று நின்றாள். அவள் யோசித்து முடிவு பண்ணவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"பெரியவரே. நில்லு."

மூன்றாம் ஜன்னலின் குரல். இந்த வீட்டுச் சுவர்கள் அதை அதுவரை கேட்டதில்லை.

அப்பா நின்றார்.

"எங்க கிளம்பிட்ட? யாரைக் கேட்டுக் கிளம்பின? உன் ஃபைலு இப்ப அங்க இல்ல, எங்ககிட்ட மாத்தியாச்சு. திரும்பு. பையை மேஜை மேல வை."

அவர் திரும்பினார். மாட்டிய செருப்பைக் கழற்றினார். பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு உட்காரப் போனார்.

"உன்னை உட்காரச் சொன்னாங்களா? நில்லு. போனை எடு. இந்தம்மாகிட்ட குடு. விசாரணை முடியற வரைக்கும் எவன்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினேன்னு தெரிஞ்சுது, அப்புறம் நடக்கறதுக்கு நாங்க பொறுப்பில்ல. புரியுதா?"

"புரியுதுங்கம்மா," என்றார் அப்பா.

நேற்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த போனை இரண்டு கையாலும் நீட்டினார். சப்-இன்ஸ்பெக்டரம்மா அதை வாங்கினாள். வாங்கும்போது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. போனின் பக்கவாட்டில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். போன் அவள் கையில் இருக்கும்போதே அடித்தது. அப்பா பதறிப்போய் மகளைத்தான் பார்த்தார், எடுக்கலாமா என்று. "சும்மா இரு," என்றாள் அவள். அவர் சும்மா இருந்தார்.

ஆக வேண்டியதெல்லாம் அதன்பிறகு மளமளவென்று ஆகிவிட்டது. வாக்குமூலம், எண்கள், வங்கி மேனேஜர், புகாருக்குக் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போடவும் அப்பா மகளிடம்தான் பேனாவை நீட்டி அனுமதி கேட்டார். மாடிப்படியில் இறங்கும்போது சப்-இன்ஸ்பெக்டரம்மா ஷூவை மாட்டிக்கொண்டே தயங்கினாள்.

"எங்க ட்ரெயினிங்ல இதைத்தான் செய்யவே கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க," என்றாள். "இன்னிக்கு இது இல்லன்னா பணம் போயிருக்கும். என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலக்கா."

மேடம் என்று ஆரம்பித்தவள் அக்காவாக்கியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்கே இவளுக்குக் கண் கலங்கியது.

டெபாசிட் பத்திரமாக இருந்தது. தம்பி போன் பண்ணி, பார்த்தாயா என் வீடியோ எப்படி உதவியது என்றான். அவனோடு மல்லுக்கு நிற்கவும் தெம்பில்லாமல் ஆமாம் என்றாள். அப்பாவுக்கும் சில நாளில் விஷயம் விளங்கிவிட்டது. அதே சின்னமும் அதே மேஜையும் செய்தியில் வந்தது. ஆளைப் பிடிக்கவில்லை, மேஜையை மட்டும் பிடித்திருந்தார்கள். அப்பா அதைக் கடைசிவரை பார்த்தார். "அப்போ அந்தப் பொண்ணு நிஜமாவே போலீஸா?" என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றாள். "அவ்வளவு மரியாதையாப் பேசினாளே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

விளங்கிவிட்டதே, இனிமேல் பழையபடி ஆகிவிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். ஆகவில்லை. அவள் வேலையிலிருந்து வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். உட்காருங்கப்பா என்றால் உட்கார்ந்தார். டீ குடித்தார், சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை. மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அதைப் பற்றியும் பேச்சில்லை. வேண்டுமென்றே ஒருநாள் துணியை அலங்கோலமாகக் காயப்போட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லாம் நேராக்கி, மடித்து, அடுக்கி வைத்திருந்தார். ஒரு முணுமுணுப்பு இல்லை.

பேசித் தீர்த்துவிடுவது என்று ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னிக்கு நான் பேசினது சும்மா நடிப்புப்பா. வேற வழி தெரியல. உங்களை நிறுத்தணும்னுதான்."

"தெரியும்மா," என்றார். "நீ செஞ்சது சரிதான். இல்லன்னா இன்னிக்கு நடுத்தெருவுல நின்னிருப்போம்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஒரு நிமிஷம் நீ யாருன்னே எனக்குத் தெரியாமப் போயிடுச்சு," என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். மன்னிச்சிடுங்கப்பா என்றாள். மன்னிச்சிட்டேம்மா என்றார் அவரும், கேட்ட உடனேயே. அதற்குக்கூட ஒரு பிகு இல்லை.

வீடு மிஞ்சியது, வாடகை மிஞ்சியது, மாத்திரை மிஞ்சியது. காப்பாற்ற நினைத்தது எல்லாவற்றையும் காப்பாற்றியாயிற்று. ஆனால் கோபக்காரரான அவளுடைய அப்பா மட்டும் அந்த வாசலிலேயே நின்றுபோனார். உள்ளே திரும்பி வந்தவர் வரிசையில் நிற்கிற யாரோ ஒரு பெரியவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் அப்பா வந்து நின்றார். அவள் கவனிக்கவில்லை. கவனித்தபோது அவர் வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது என்று தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கும்வரை கூப்பிடாமல் காத்திருந்திருக்கிறார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. முடி வெட்டிக்கிட்டு வரலாம்னு. போயிட்டு வரட்டுமா?"

சோப்புக் கையோடு அவள் அப்படியே நின்றாள். கையில் இருந்த தட்டைத் தொட்டியில் போட்டாள். அது பெரிய சத்தத்தோடு விழுந்தது. முன்பெல்லாம் இந்தச் சத்தத்துக்கு அவர் ஹாலிலிருந்தே, வீட்டைக் கட்டினவன் தலையில போடு என்று கத்துவார். இப்போது லேசாகத் தூக்கிவாரிப் போட்டது அவருக்கு, அவ்வளவுதான். ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அப்பா, எனக்கு ஒண்ணு செய்றீங்களா?" என்றாள் அவள். "என்னை ஒரு தடவை திட்டுங்க. வாய்க்கு வந்தபடி திட்டுங்க. பழைய மாதிரி."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் கேட்டதைச் செய்ய வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார், அது முகத்திலேயே தெரிந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கவனமாக யோசித்தார்.

"சரிம்மா," என்றார். "என்னன்னு திட்டணும், சொல்லு."